பந்தியும் போதிமரமும்: இத்சிங்கின் பயண வாழ்வில் உணவொழுங்கு பெறும் இடம்

முன்னுரை

தமிழக வரலாற்றையும் தமிழ்ப் பௌத்தத்தையும் ஆராய்வோர் சீனப் பயணிகளின் குறிப்புகளைச் சான்றாகக் காட்டுவது நெடுநாள் வழக்கம். காஞ்சிபுரத்து விகாரங்களைப் பற்றிப் பேச நேர்ந்தால் யுவான் சுவாங் வருவார்; நாகப்பட்டினத்தின் கடல்வழித் தொடர்பைப் பற்றிப் பேச நேர்ந்தால் இத்சிங் வருவார். ஆயின் இருவரும் பெரும்பாலும் ஒற்றை வரிக்காகவே அழைக்கப்பெறுகின்றனர். அவ்வரியை எழுதியவர் எதைத் தேடிக் கடல் கடந்தார், எதைக் காணப் பழகிய கண்ணோடு கண்டார் என்னும் வினாக்கள் எழுவது அரிது. இத்சிங்கைப் பொறுத்தவரை இவ்வினாக்களைத் தவிர்த்துவிட்டு அவர் தரும் செய்திகளை மதிப்பிட இயலாது என்பது இக்கட்டுரையின் கருத்து.

பொ.ஆ. 635இல் பிறந்து 713இல் மறைந்த இத்சிங், ஏறத்தாழ 25 ஆண்டுகளைத் தென்கடல் தீவுகளிலும் இந்தியாவிலும் கழித்தவர். புத்தர் ஞானம் பெற்ற இடம், முதல் அறவுரை நிகழ்த்திய இடம், மறைந்த இடம் ஆகிய மூன்றையும் கண்டு வணங்கியவர். ஆயினும் அவர் எழுதிய 40 இயல்கள் கொண்ட நூலில் அத்திருத்தலங்களுக்கெனத் தனி இயல் இல்லை. மாறாக, மூன்றாம் இயல் தொடங்கி ஒன்பதாம் இயல் முடிய ஏழு இயல்கள் தொடர்ச்சியாக உணவைச் சுற்றியே அமைந்துள்ளன. எவ்வகை இருக்கையில் அமர்ந்து உண்பது, எச்சில் எது தூய்மை எது, உண்டபின் எங்ஙனம் வாய் கழுவுவது, குடிநீர்க் கலம் எது கைகழுவும் கலம் எது, நீரில் உயிரினம் உள்ளதா எனக் காண்பது எப்படி, பல்குச்சியை மெல்லும் முறை யாது, விருந்தினராகச் செல்லும் துறவி எங்ஙனம் நடந்துகொள்வது என்பன அவற்றின் பொருள்கள். உயிரைப் பணயம் வைத்துச் சென்ற ஒருவர், போதிமரத்தைச் சில வரிகளில் சொல்லிவிட்டுப் பந்தியைப் பல இயல்களில் விரிப்பானேன்? இவ்வினாவை முன்வைத்தே அவரது வாழ்க்கை இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

ஆசிரியர் இருவர்

இத்சிங்கின் குடும்பப் பெயர் சாங். ஏழு வயதில் பெற்றோரை விட்டுப் பிரிந்து மடத்தை அடைந்தார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர் இருவர். சான்யூ பல கலை கற்ற அறிஞர். குய்சி விநய ஒழுக்கத்தில் ஊன்றியவர். சான்யூ தம் இறுதிக் காலத்தில், தாம் சேர்த்து வைத்திருந்த உலகியல் நூல்களையெல்லாம் கிழித்துக் கூழாக்கி அக்கூழைக் கொண்டு காவல் தெய்வங்களின் உருவங்கள் செய்யச் சொன்னார் என்று இத்சிங் எழுதுகிறார். அவர் மறைந்தபோது மாணவருக்கு வயது பன்னிரண்டு. அதன்பின் இத்சிங்கை வளர்த்தெடுத்தவர் குய்சி.

இருபதாம் வயதையொட்டி முழுத் துறவு ஏற்றபின் ஐந்தாண்டுகள் இத்சிங் விநயத்தை மட்டுமே கற்றார். அக்காலச் சீனத்தில் விநயக் கல்வி எளிதன்று. வெவ்வேறு பௌத்தப் பிரிவுகளின் விநய நூல்கள் பல சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. தர்மகுப்தகப் பிரிவின் விநயத்துக்குத் தாவோசுவான் முதலிய பேரறிஞர்கள் உரை கண்டிருந்தனர். இத்சிங்கும் அவ்வுரைகளைக் கற்றவரே. உரைகள் பெருகப் பெருக ஐயங்களும் பெருகின. ஒரு பிரிவின் விதியை மற்றொரு பிரிவின் விதியோடு கலப்பதும், விதியில் சொல்லப்பட்ட பொருள் யாதென்று அறியாமல் உள்ளூர்ப் பொருள் ஒன்றை அதனிடத்தில் வைப்பதும் இயல்பாயின. பல்குச்சி இதற்கு நல்ல சான்று. விநயம் கூறும் பல்குச்சியைச் சீனத்தார் அலரிவகை மரமொன்றின் கிளை எனப் பொருள் கொண்டிருந்தனர். அது பிழை என்பதை உரைகளைப் புரட்டி அறிய இயலாது; பல்குச்சி மெல்லும் நாட்டுக்குச் சென்றுதான் காணவேண்டும்.

பாகியானும் விநய நூல்களைத் தேடி 399இல் புறப்பட்டவரே. ஆனால் பாகியானுக்குத் தேவைப்பட்டது நூல். இத்சிங்கின் காலத்தில் நூல்கள் இருந்தன, நடைமுறைதான் ஐயத்துக்குரியதாயிருந்தது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால் அவரது நூலின் அமைப்பு வியப்பளிக்காது.

பதினெட்டு வயதில் எழுந்த எண்ணம் முப்பத்தேழாம் வயதில்தான் நிறைவேறியது. புறப்படுமுன் குய்சியிடம் விடை கேட்டார். முதுமையடைந்திருந்த ஆசிரியர் தடுக்கவில்லை. தம்மைப் பற்றிக் கவலைப்படாது செல்லுமாறு ஊக்கினார். சான்யூவின் சமாதிக்கும் சென்று வணங்கினார் இத்சிங். அதனைச் சுற்றி நட்ட மரங்கள் அப்போது நன்கு வளர்ந்திருந்தன. புல் மண்டிக் கிடந்தது. தலைநகரில் உடன்வருவதாகச் சொன்ன துறவியர் பலர் ஒவ்வொருவராகப் பின்வாங்கினர். ஒருவருக்குத் தாய் முதுமையுற்றிருந்தார். மற்றொருவர் வேறு வழிபாட்டு நெறியை நாடினார். இறுதியில் உடன் கிளம்பியவர் சான்சிங் என்னும் இளைய மாணவர் ஒருவரே. அவரும் தென்கடலில் நோயுற்று ஊர் திரும்பினார்.

கடல்வழி

671ஆம் ஆண்டு பதினோராம் திங்களில் குவாங்சோ துறையிலிருந்து பாரசீகக் கப்பலொன்றில் இத்சிங் புறப்பட்டார். தரைவழியே சென்ற யுவான் சுவாங்கின் பயணத்தினின்றும் இது வேறுபட்டது. பருவக்காற்றுக்கும் வணிகர் விருப்பத்துக்கும் கட்டுப்பட்டே கடல்வழிப் பயணி செல்ல இயலும். ஏறத்தாழ 20 நாளில் சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தை அடைந்த அவர், அங்கு ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். அந்நாட்டு மன்னன் உதவியால் மலாயுவுக்குச் சென்று இரண்டு திங்கள் தங்கினார். பிறகு கடாரத்தை அடைந்தார். ஆண்டின் இறுதித் திங்களில் அங்கிருந்து மன்னனின் கப்பலில் வடக்கு நோக்கிப் புறப்பட்டுப் பத்து நாளுக்கு மேல் சென்றபின் ஆடையற்றோர் தீவைக் கண்டார்.

இத்தீவு நக்கவாரம் என்பது ஆய்வாளர் கொள்கை. கப்பலைக் கண்டதும் நூற்றுக்கணக்கான சிறு படகுகளில் தீவினர் தேங்காய், வாழைப்பழம், பிரம்புப் பொருள் ஆகியவற்றுடன் வந்து சூழ்ந்தனர். அவர்கள் விரும்பிக் கேட்டது இரும்பு ஒன்றையே. இருவிரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் வரை கிடைத்தது. துணியைக் காட்டினால் வேண்டாம் எனக் கையசைத்தனர். அத்தீவில் நெல் அரிது, கிழங்கே உணவு என்பதையும் இத்சிங் குறிக்கத் தவறவில்லை. கரையிறங்காத தீவிலும் மக்கள் எதை உண்கின்றனர் என்று அறிய முற்படும் இயல்பினர் அவர்.

முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அவன் கடல்கடந்து வென்ற இடங்களுள் ஸ்ரீவிசயம், மலையூர், கடாரம், மாநக்கவாரம் ஆகியவற்றையும் பெயர் சொல்கிறது. மலையூரை மலாயுவாகக் கொள்வோர் பலர். அங்ஙனமாயின் சோழர் கடற்படையெடுப்புக்கு ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்கு முன்னரே இத்துறைகள் ஒரே வழித்தடத்தின் நிறுத்தங்களாக இருந்தமைக்கு இத்சிங் கண்கண்ட சான்றாகிறார். மெய்க்கீர்த்தியில் வெற்றிப் பட்டியலாக நிற்பது இவர் எழுத்தில் நாட்கணக்காக நிற்கிறது.

தாம்ரலிப்தியில் ஓர் ஆண்டு

673ஆம் ஆண்டு இரண்டாம் திங்களில் கிழக்கிந்தியத் துறைமுகமான தாம்ரலிப்தியில் இறங்கினார். ஓராண்டுக்கு மேல் அவர் அங்கேயே தங்கினார். புத்தகயை சில வாரப் பயணத் தொலைவில் இருந்தும் அவர் விரையவில்லை. யுவான் சுவாங்கின் மாணவரான தாசெங்தெங் என்பவரை அங்குச் சந்தித்து, வடமொழிக் கல்வியைத் தொடர்ந்தார்.

இத்துறைமுக நகரில் அவர் கண்ட மடத்தின் அன்றாட நடைமுறை நூலில் விரிவாக இடம்பெறுகிறது. மடத்து நிலத்தைத் துறவியர் தாமே உழுவதில்லை. குத்தகைக்கு விட்டு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைப் பெற்றனர். நாள்தோறும் காலையில் கிணற்று நீரை ஆராய்ந்து, உயிரினம் தென்பட்டால் வடிகட்டினர். துறவி ஒருவர் குத்தகைக்காரரின் மனைவிக்குச் சிறுவன் வழியாகச் சிறிது அரிசி அனுப்பினார் என்பது சங்கத்தின் முன் வந்தது. அவர் பெரிய குற்றம் எதுவும் செய்துவிடவில்லை. எனினும் நாணி மடத்தை விட்டே நீங்கினார். விநயம் ஒரு மடத்தை எங்ஙனம் இயக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை அவர் தேடியிருக்க முடியாது.

ஆனால் விதியும் வழக்கமும் ஒன்றோடொன்று முரண்படும் இடமும் உண்டு என்பதை அவருக்கு உணர்த்தியதும் இந்நகரமே. நோன்பு நாளொன்றில் துறவியருக்கு விருந்தளிக்க விரும்பிய இத்சிங், வயிறு நிறையும் அளவுக்கு மட்டும் உணவு செய்யத் திட்டமிட்டார். பக்கத்தார் தடுத்தனர். இவ்வூரில் விருந்தென்றால் இலை நிறைந்து மிஞ்சவேண்டும். பெருநாட்டிலிருந்து வந்தவர் அளவாகப் படைத்தால் ஊர் சிரிக்கும். இயலாதெனில் படையாமலிருப்பதே நன்று என்றனர். அவரும் ஊர் வழக்குக்கு இணங்கினார். உணவை வீணாக்கலாகாது என்னும் கொள்கையுடையவர், மிஞ்சும்படி படைத்தார். இந்நிகழ்ச்சியை மறைக்காமல் எழுதியிருப்பது அவரது சான்றுரையின் நம்பகத்துக்குத் துணைநிற்கிறது எனலாம்.

திருத்தலங்கள்

அடுத்த ஆண்டு தாசெங்தெங்குடன் நடுநாடு நோக்கிப் புறப்பட்டார். நூற்றுக்கணக்கான வணிகர் உடன் சென்றனர். புத்தகயைக்குப் பத்து நாள் வழி இருக்கையில், மலைக் கணவாயில் இத்சிங் நோயுற்றார். சிறிது தொலைவு நடப்பதற்குள் பலமுறை அமர்ந்து இளைப்பாற வேண்டியிருந்தது. கூட்டம் முன்னே சென்றுவிட்டது. அந்தி சாயும் வேளையில் கள்வர் வில்லுடன் சூழ்ந்து, உடுத்திருந்த ஆடை, இடைக்கச்சு உட்பட அனைத்தையும் பறித்துச் சென்றனர். வெண்ணிறத்தாரைப் பிடித்துத் தெய்வத்துக்குப் பலியிடுவர் என்று வழியில் கேட்ட செய்தி அவர் நினைவுக்கு வந்தது. சேற்றுக் குழியில் இறங்கி உடல் முழுதும் சேறு பூசி, இலைகளால் மறைத்துக்கொண்டு, கோலூன்றி நடந்தார். இரவு இரண்டாம் சாமத்தில் தங்குமிடத்தை நெருங்கியபோது, ஊருக்கு வெளியே நின்று தாசெங்தெங் அவரைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தார். குளத்தில் இறங்கிக் கழுவிக்கொண்டு, நண்பர் தந்த ஆடையை உடுத்தபின்னரே அவர் ஊருக்குள் நுழைந்தார்.

நாளந்தாவை அடைந்து மூலகந்தகுடியை வணங்கினார், கழுகுமலை ஏறினார், பின்பு போதிமரத்தடிக்கு வந்தார். சான்தோங் பகுதியின் துறவியரும் இல்லறத்தாரும் கொடுத்தனுப்பிய பட்டைக் கொண்டு புத்தர் திருமேனியின் அளவுக்கு ஆடை தைத்து, தம் கையாலேயே அணிவித்தார். விநய ஆசிரியர் ஒருவர் அனுப்பிய சிறு குடைகளைப் படைத்தார். வர இயலாத மற்றொரு துறவியின் சார்பாகவும் வணங்கினார். உடல் முழுதும் நிலத்தில் படிய வீழ்ந்து, முதலில் தம் நாட்டு மக்களுக்காக வேண்டினார். பின்னர் வைசாலி, குசிநகரம், மிருகதாவம் எனப் பிற தலங்களையும் கண்டார்.

புனிதப் பயணத்தின் உச்சி என்று பிறர் கருதும் இப்பகுதி, இத்சிங்கின் எழுத்தில் மிகச் சுருங்கியதாகும். அங்கும் அவர் தம்மைப் பிறர் காணிக்கையைச் சுமந்துவந்த தூதராகவே காட்டிக்கொள்கிறார். தலம் அவருக்குச் செலுத்தவேண்டிய கடன். மடம் கற்கவேண்டிய பாடம். இதனை ஆர்வக்குறைவாகக் கருதுவது பிழையாகும். யுவான் சுவாங் தலங்களை ஏற்கெனவே விரித்து எழுதியிருந்தார் என்பதையும் கருதவேண்டும்.

ஒரு திருத்தலத்தில் மட்டும் அவர் சற்று நின்று பேசுகிறார். அங்கும் அவரை நிறுத்தியது சமையற்கூடமே. குசிநகரத்தில் புத்தர் உடல் எரியூட்டப்பெற்ற இடத்தையொட்டி அமைந்த மகுடபந்தன விகாரத்தில் நாள்தோறும் நூறு பேருக்கு மேல் உணவு உண்ணும் வழக்கமிருந்தது. இளவேனிலிலும் கூதிரிலும் பயணியர் கூட்டம் முன்னறிவிப்பின்றி வந்துவிடும். ஒருமுறை உச்சிப்பொழுது நெருங்கும் வேளையில் 500 துறவியர் வந்து சேர்ந்தனர். உச்சி சாய்ந்தபின் துறவியர் உண்ணலாகாது. புதிதாகச் சமைக்கவும் பொழுதில்லை. சமையற்பணியாளர் ஒருவரின் முதிய தாய், அடுக்களைத் தூணருகே நின்ற மகாகாளன் உருவின்முன் நறும்புகையேற்றி வேண்டினார். வழக்கமான அளவு உணவே அனைவருக்கும் போதியதாயிற்று என்பர். எண்ணெய் பூசிப் பூசிக் கருத்த அம்மரவுருவையும், அதன்முன் குவிந்திருந்த படையலையும் தாமே சென்று கண்டதாக இத்சிங் எழுதுகிறார். மடங்களின் உண்ணுமிடத்தில் குழந்தையை ஏந்திய ஆரிதி உருவமும் இருந்தது. அதற்கும் நாள்தோறும் உணவு படைத்தனர். பெருங்கோயிலை நோக்கிச் செல்லும் பயணியின் கண்ணுக்கு எளிதில் படாத தெய்வங்கள் இவை.

பந்தியின் நுண்மை

675ஐ ஒட்டிய காலம் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள் நாளந்தாவில் வாழ்ந்தார். 3000க்கும் மேற்பட்ட துறவியர், 200க்கும் மேற்பட்ட ஊர்களின் வருவாய், எட்டு மன்றங்கள், 300 அறைகள் என அந்நிறுவனத்தின் பரப்பை அவர் கணக்கிட்டுச் சொல்கிறார். நீர்க்கடிகையால் பொழுது அளந்து முரசறைந்தனர். காலையில் மணியோசை கேட்டதும் நூற்றுக்கணக்கில் துறவியர் நீராட்டுத் துணியுடன் குளங்களுக்குச் சென்றனர். நீராடியபின் உண்ணவேண்டும், உண்டபின் நீராடலாகாது என்பது அங்கு அவர் கற்ற ஒழுங்கு.

இந்தியத் துறவியர் கைகால் கழுவித் தனித்தனி மணையில் அமர்ந்து உண்டனர். சீன அளவையில் ஏழு அங்குல உயரமும் ஓரடிச் சதுரமும் கொண்ட மணை அது, பிரம்பால் பின்னியது. சாணமிட்டு மெழுகிப் பச்சிலை தூவிய தரையில், ஒருவர் மேல் ஒருவர் படாதவாறு ஒரு முழ இடைவெளியில் மணைகள் இடப்பட்டன. கால் தரையில் ஊன்றியிருக்கும். சீனத்திலோ அகன்ற கட்டிலில் சம்மணமிட்டு முழங்கால் இடிபட அமர்ந்து உண்பது வழக்கமாயிருந்தது. மணையின் உயரத்தை ஒருவர் அளந்து எழுதுவது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆயின் புத்தர் விதித்த இருக்கை எது என்னும் விவாதத்தில் வெறும் கருத்துரை பயன்படாது, அளவுதான் பயன்படும் என்று அவர் கருதியிருக்கவேண்டும்.

பரிமாறும் வரிசையையும் அவர் விடுவதில்லை. முதலில் கட்டைவிரல் அளவு இஞ்சியும் சிறிது உப்பும் இலையில் வைக்கப்படும். பின்பு சோறு, அதன்மேல் பருப்புச் சாறும் சூடான நெய்யும் ஊற்ற, வலக்கை விரல்களால் பிசைந்து உண்பர். அடுத்துப் பணியாரமும் கனியும் சர்க்கரையும் வரும். குடிப்பது குளிர்ந்த நீர். உண்ணும் குச்சிகளைப் பற்றி விநயம் ஆதரித்தோ மறுத்தோ எதுவும் கூறவில்லை என்கிறார். தம் நாட்டாரைக் குச்சியைக் கைவிடுமாறு அவர் வற்புறுத்தவில்லை. எங்கு விதி உள்ளது, எங்கு வழக்கம் மட்டுமே உள்ளது எனப் பிரித்தறியும் நிதானம் இது.

அவர் வற்புறுத்துவது எச்சில் குறித்தே. ஒரு வாய் உண்டதும் உணவும் கலமும் தூய்மை இழக்கின்றன. வாய் கழுவுமுன் மற்றவரைத் தொடலாகாது. மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்கலாகாது. மண்கலமாயின் ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிட வேண்டும். மிஞ்சிய சாற்றை மீண்டும் பானையில் ஊற்றும் சீன வழக்கத்தை அவர் கடிந்துரைக்கிறார். இக்கருத்தைச் சீன மொழியில் விளக்க அவருக்கு நெடிய உரை தேவைப்பட்டது. தமிழில் எச்சில் என்னும் ஒரு சொல் அவ்வளவையும் தாங்கும். தமிழ் வாசகர் இவ்வியல்களை மிக எளிதில் உள்வாங்க இயல்வதற்கு இதுவே காரணம். அதே எளிமை ஓர் இடரும் ஆகும். மெழுகிய தரை, இலை, மணை, பல்குச்சி, நெய், பருப்பு ஆகியவற்றைக் கண்டவுடன் இத்சிங் தமிழகத்துப் பந்தியைப் பாடியிருக்கிறார் என்று முடிவுகட்டத் தோன்றும். அவர் தமிழகத்துக்கு வந்ததில்லை. அவர் கண்டவை வங்கத் துறைமுகத்திலும் மகதத்திலும் நிகழ்ந்த மடத்துப் பந்திகள்.

வட்டார உணவு வேறுபாட்டையும் அவர் அறிந்திருந்தார். வடக்கில் கோதுமை மாவு மிகுதி. மகதத்தில் அரிசி மிகுதி, கோதுமை குறைவு. தெற்கும் கிழக்கும் மகதத்தை ஒத்தவை என்கிறார். தெற்கைப் பற்றிய இக்கூற்று கேள்வியறிவால் வந்ததாதல் வேண்டும். நெய், எண்ணெய், பால் எங்கும் உண்டு. இந்தியர் வெங்காய வகையை உண்பதில்லை. காய்கறியைப் பச்சையாகத் தின்பதில்லை. நன்றாக வேகவைத்துப் பெருங்காயமும் நெய்யும் சேர்த்தே உண்கின்றனர். அதனால் செரியாமை அவர்களை வருத்துவதில்லை என்பது அவரது முடிவு. மீனையும் காயையும் பச்சையாக உண்ணும் தம் நாட்டு வழக்கோடு இதனை ஒப்பிடுகிறார். மருந்திலோ அவர் மனம் தாய்நாட்டின் பக்கம் சாய்கிறது. சீன மூலிகைகள் இங்கு இல்லையே எனக் குறைப்படுகிறார். கடுக்காய், பெருங்காயம், கருப்பூரம் போன்றவை எங்கு விளைகின்றன எனக் குறித்துக்கொள்கிறார்.

உணவின் சுவையைப் பற்றி அவர் எழுதுவது மிகக் குறைவு. இது படிப்போருக்கு ஒரு குறையே. தென்கடல் தீவுகளின் விருந்தைச் சொல்லும்போது மட்டும் நடை சற்றே நெகிழ்கிறது. முதல்நாள் அடைக்காயும் நறுநெய்யும் தந்து அழைப்பர். மறுநாள் இசையுடன் திருமேனியை நீராட்டியபின் பந்தி. எளியவர் வீட்டிலும் 20, 30 வகை உணவு வரும். செல்வர் வீட்டில் எண்ணிக்கையே இல்லை.

நாகப்பட்டினம்

இத்சிங்கின் மற்றொரு நூல், அறம் தேடி மேற்குநாடு சென்ற துறவியர் ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் வரலாறு. அவர்களுள் ஊர் திரும்பியோர் சிலரே. கப்பல் மூழ்கும்போது படகில் பிறருக்கு இடம் விட்டு, தாம் அமிதாபரை ஓதியபடி கடலில் மூழ்கிய சாங்மின் அவர்களுள் ஒருவர். கொரியாவின் சில்லா நாட்டுத் துறவி குயியே மற்றொருவர். நாளந்தாவில் சீன நூலொன்றைப் புரட்டிய இத்சிங், பல்குச்சி மரத்தடியில் அமர்ந்து அதனைப் படியெடுத்ததாக அவர் எழுதிவைத்த குறிப்பைக் கண்டார். மடத்தாரை வினவ, அறுபது வயதளவில் அவர் அங்கேயே இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

நாகப்பட்டினம் இந்நூலில்தான் வருகிறது. ஊசிங் என்னும் துறவி கடாரத்திலிருந்து மேற்கு நோக்கி 30 நாள் கப்பலில் சென்று நாகப்பட்டினத்தை அடைந்தார். அங்கிருந்து இரண்டு நாளில் சிங்களத் தீவை அடைந்து புத்தரின் பல்லை வணங்கினார். ஊசிங் இத்சிங்கின் நண்பர். நாளந்தாவில் இருவரும் சந்தித்தனர். ஆகவே இச்செய்தி, நேரில் சென்றவர் சொல்லக் கேட்டு எழுதியதாகும். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாகப்பட்டினம் கடாரத்துடன் நேர்க் கப்பல் வழியால் இணைந்திருந்தது என்பதும், சிங்களம் செல்லும் பயணியருக்கு அது இடைத்துறையாக அமைந்தது என்பதும் இதனால் உறுதியாகின்றன. அங்கு விகாரம் இருந்ததா, பயணியர் எங்குத் தங்கினர், எதை உண்டனர் என்பவற்றுக்கு இதில் விடை இல்லை. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரத்தின் தொன்மையை முன்னுக்குத் தள்ள இக்குறிப்பைப் பயன்படுத்துவது பொருந்தாது. மடத்தின் மணையை அளந்து எழுதியவர், நாகப்பட்டினத்தில் தாமே இறங்கியிருந்தால் நமக்கு ஒரு வரி மட்டும் கிடைத்திராது.

தங்குமிடம் பற்றிய ஏக்கம் இந்நூலில் அடிநாதமாக உள்ளது. பிற நாட்டார் பலருக்கு இந்தியாவில் சொந்த மடம் இருந்தது, சீனத்தாருக்கு இல்லை. 500 ஆண்டுகளுக்குமுன் ஸ்ரீகுப்தன் என்னும் மன்னன் சீனத் துறவியருக்கெனக் கட்டிய மடமொன்று அடித்தளம் மட்டுமாய் நின்றது. அதனை மீண்டும் எழுப்பவேண்டும் என்று அவர் விரும்பினார்.

திரும்புதல்

685இல் இத்சிங் தாம்ரலிப்தியிலிருந்து கப்பலேறினார். ஐந்து இலக்கம் பாடல் அளவுள்ள வடமொழிச் சுவடிகள் அவருடன் இருந்தன. நேரே சீனம் செல்லாமல் ஸ்ரீவிஜயத்தில் தங்கி மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட துறவியர் வாழ்ந்த நகரம் அது. இந்தியா செல்ல விரும்பும் சீனத் துறவியர் முதலில் ஓரிரு ஆண்டு இங்குப் பயிலவேண்டும் என்பது அவரது அறிவுரை. ஆனால் தாளும் மையும் படியெடுப்போரும் அங்குக் கிடைக்கவில்லை. 689இல் அவற்றைக் கேட்டுக் கடிதம் அனுப்பக் கப்பலுக்குச் சென்றார். அவ்வேளையில் காற்று திரும்பவே மாலுமிகள் பாய் விரித்துவிட்டனர். சுவடிகள் ஸ்ரீவிஜயத்தில் கிடக்க, சுவடிக்குரியவர் விருப்பமின்றிக் குவாங்சோவில் போய் இறங்கினார். செங்கூ முதலிய நால்வரைத் துணைசேர்த்துக்கொண்டு அதே ஆண்டு இறுதியில் மீண்டும் தெற்கே கப்பலேறினார். தாய்நாட்டு மண்ணை மிதித்தபின்னும் சில திங்களில் திரும்பிச் சென்றமை அவர் வாழ்வின் போக்கைத் தெளிவாகக் காட்டுகிறது.

692இல் தம் நூல்கள் இரண்டையும் துறவி ஒருவர் கையில் சீனத்துக்கு அனுப்பினார். உணவொழுங்கை விரித்த 40 இயல் நூலின் இறுதி இயல் சான்யூவையும் குய்சியையும் பற்றியது. 695இல் இத்சிங் லோயாங் திரும்பியபோது பேரரசி வூ நகரின் கிழக்கு வாயிலுக்கு வெளியே வந்து வரவேற்றார். ஏறத்தாழ 400 நூல்களும் போதிமரத்து வச்சிராசனத்தின் மாதிரியும் 300 தாதுக்களும் அவர் கொண்டுவந்தவை. 700 முதல் 712 முடிய 56 நூல்களை 230 தொகுதிகளாக மொழிபெயர்த்தார். அவற்றுள் பெரும்பகுதி மூலசர்வாஸ்திவாதப் பிரிவின் விநயம்.

713இல் அவர் மறைந்தார். சீனக் கணக்கில் வயது 79. அவர் அரிதின் முயன்று கொணர்ந்த விநயம் சீன மடங்களில் வேரூன்றவில்லை. சீனத் துறவியர் இன்றும் தர்மகுப்தக விநயத்தையே பின்பற்றுகின்றனர். ஆனால் மூலசர்வாஸ்திவாத விநயத்தின் வடமொழி மூலத்தில் கணிசமான பகுதி பின்னாளில் அழிந்தது. அதனை அறியத் திபெத்திய மொழிபெயர்ப்பும் இத்சிங்கின் சீன மொழிபெயர்ப்புமே இன்று பெரிதும் துணைநிற்கின்றன. துறவியர் வரலாற்று நூலைச் சவான் 1894இல் பிரெஞ்சிலும், 40 இயல் நூலைத் தக்ககுசு 1896இல் ஆங்கிலத்திலும் பெயர்த்தனர். துறவியர் வரலாற்றில் இத்சிங் இணைத்திருந்த நாளந்தா மடத்தின் வரைபடம் கிடைக்கவில்லை. மணையின் அளவும் இஞ்சித் துண்டின் அளவும் கிடைத்துள்ளன.